கீப்பருக்கு அடிபட்டால்தான் இவருக்கு சான்ஸ்! ரிசர்வ் விக்கெட் கீப்பர் வேலை ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு கிரிக்கெட் அணியில் ஐந்தாறு பேட்ஸ்மேன்கள் இருப்பாங்க, நாலைந்து பௌலர்கள் இருப்பாங்க. விக்கெட் கீப்பர் மட்டும் ஒருத்தர்தான். கருவடிக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆடும் பசங்க டீமாக இருந்தாலும் சரி, இந்திய அணியாக இருந்தாலும் சரி, கணக்கு இதுதான். அதனால் ரெண்டாவது கீப்பருக்கு இடம் கிடைக்க பெரும்பாலும் ஒரே வழி: முதல் கீப்பருக்கு அடிபடணும்!

இந்தக் கணக்கில் நன்றாக மாட்டிக்கொண்டவர் நம்ம சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக்.

தோனிக்கு முன்னாடியே வந்தவர்

2004 நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, பார்த்திவ் படேலுக்குப் பதிலாக டெஸ்டில் அறிமுகமானபோது கார்த்திக்குக்கு வயது 19. அடுத்த வருஷம் டிசம்பரில் சேப்பாக்கத்தில் தோனி வந்தார். கீப்பர் இடம் போச்சு.

கார்த்திக் சும்மா இருக்கவில்லை. தொடக்க ஆட்டக்காரராக மாறி, 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் 263 ரன் எடுத்தார். அந்தத் தொடரில் இந்தியா சார்பில் அதிக ரன் அவருடையதுதான். 2010 ஜனவரியில் தோனிக்கு முதுகுவலி வந்ததால், வங்கதேசத்தில் ஒரு டெஸ்டில் கீப்பிங் செய்தார். அதன்பிறகு இந்தியா ஆடிய 87 டெஸ்டுகளில் அவர் இல்லை.

33 வயதில் திறந்த கதவு

2018 ஐபிஎல்லில் விருத்திமான் சாஹாவின் கட்டைவிரலில் அடிபட்டது. ஜூனில் பெங்களூருவில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான டெஸ்டுக்கு கார்த்திக் அழைக்கப்பட்டார். எட்டு வருஷக் காத்திருப்பு முடிந்தது.

ஆனால் அடுத்து இங்கிலாந்து. பந்து கன்னாபின்னாவென்று ஸ்விங் ஆன இரண்டு டெஸ்டுகளில் அவர் எடுத்தது 0, 20, 1, 0. மூன்றாவது டெஸ்டில் 20 வயது ரிஷப் பண்ட் அறிமுகமானார். கார்த்திக் அதன்பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை. எட்டு வருஷம் காத்திருந்தவருக்கு மறுபடி கிடைத்தது மூன்றே டெஸ்ட்.

பார்த்திவுக்கு மட்டும் எப்படி?

2016 நவம்பரில் இதே சாஹாவுக்கு காயம். எட்டு வருஷம் கழித்து மொஹாலியில் வந்த பார்த்திவ், 42 ரன்னும் ஆட்டமிழக்காமல் 67 ரன்னும் அடித்தார். இந்தியா ஜெயித்தது. ஆனாலும் சாஹா குணமானதும் இடம் அவருக்கே போனது. ஆக, சரியா ஆடலைன்னா உடனே வெளியே, நல்லா ஆடினாலும் கொஞ்ச நாளில் வெளியே!

மேட்ச் நடுவே அடிபட்டால்?

2017 அக்டோபரில் விதி மாறியது. நடுவர் அனுமதித்தால் மாற்று வீரர் கீப்பிங் செய்யலாம். பேட்டிங், பௌலிங் கிடையாது. 2025 ஜூலையில் லார்ட்ஸில் பண்ட்டின் விரலில் அடிபட, துருவ் ஜுரெல் கீப்பிங் செய்தார். பேட்டிங்குக்கு பண்ட்டே வந்து 74 ரன் எடுத்தார். ரிசர்வ் கீப்பருக்கு உழைப்பு உண்டு, ஸ்கோர்போர்டில் ரன் கிடையாது.

அடுத்த டெஸ்டில் பண்ட்டின் காலில் எலும்பு முறிவு. ஓவல் டெஸ்டுக்காக தமிழ்நாட்டின் ஜெகதீசன் 29 வயதில் முதல்முறையாக இந்திய டெஸ்ட் அணிக்கு அழைக்கப்பட்டார். 2022-ல் விஜய் ஹசாரே தொடரில் ஒரே ஆட்டத்தில் 277 ரன் குவித்தவர் இவர். ஆனால் ஓவலில் கீப்பிங் க்ளவுஸ் ஜுரெலுக்குத்தான் போனது. ஒருவருக்கு அடிபட்டால் ரிசர்வ் கீப்பர் வரிசை ஒரு இடம் நகரும். ஜெகதீசன் நின்றது அதற்கும் அடுத்த இடத்தில்.