பாதி நாள் வேலைக்கு எவ்வளவு சம்பளம் கேட்கலாம்? ஒரு மேலகரம் கணக்கு!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் மேலகரம் வழியாகப் போகும் சாலையில் வண்டிச் சத்தம் ஓயாது. தென்காசியை ஒட்டியிருக்கும் இந்தப் பேரூராட்சியில் ஒரு பெண், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் வரை தென்காசியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "முழு நாள் ஆளுக்கு 13,000 ரூபாய். அரை நாள்தானே, உங்களுக்கு 5,000" என்கிறார் முதலாளி. சரி என்பதா, கூடக் கேட்பதா?

தமிழ்நாட்டில் கடை ஊழியருக்குச் சட்டப்படியான வழக்கமான வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மாதத்துக்கு 26 வேலை நாள். 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500 ரூபாய், மணிக்கு 62 ரூபாய் 50 காசு. தினமும் 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 104 மணி. 6,500 ரூபாய் வர வேண்டும். முதலாளி சொன்னதில் 1,500 குறைகிறது.

நேரம் சரிபாதியாக இல்லையென்றாலும் கணக்கு இதேதான். வாரம் 5 நாள், தினமும் 5 மணி நேரம் என்றால் 25 மணி. 13,000-ஐ 48-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்குங்கள். சுமார் 6,770 வரும்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. பிடித்தம் போகக் கையில் வாங்கும் தொகையை வைத்து வகுக்கக் கூடாது, மொத்தச் சம்பளத்தை வைத்துத்தான் வகுக்க வேண்டும். அடுத்தது, வந்த நாளுக்கு மட்டும் கூலி என்று சொல்லிவிட்டு 30-ஆல் வகுப்பது. 500 ரூபாய் அங்கே 433 ஆகிவிடும்!

இவ்வளவுதானா என்றால், இல்லை. தமிழ்நாடே அறிந்த உதாரணம் அரசுப் பள்ளிகளின் பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பணியிடங்களை 2011-ல் அரசு அறிவித்தது. 2012-ல் வேலைக்கு வந்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது படிப்படியாக ஏறி, 2021-ல் 10,000 ஆகி, 2024 ஜனவரியில் 12,500 ஆனது.

வகுத்துப் பார்ப்போம். மூன்று அரை நாள் என்பது ஒன்றரை நாள். ஐந்து நாள் வாரத்தில் அது 30 சதவிகிதம். முழுநேர சிறப்பாசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600. அப்போதைய 50 சதவிகித அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,900. அதில் 30 சதவிகிதம் 9,270 ரூபாய்.

அப்படியானால் 12,500 கூடுதல்தானே, பிறகு எதற்குப் போராட்டம்? இந்தக் கேள்விக்கு வெறும் வகுத்தலில் பதில் கிடைக்காது.

9,270 என்பது அப்போது புதிதாகச் சேரும் ஒருவருக்கான கணக்கு. முழுநேர ஆசிரியருக்கு ஆண்டுக்கு 3 சதவிகிதம் ஊதிய உயர்வு உண்டு. 20,600-உடன் 11 உயர்வுகளைச் சேர்த்தால் அடிப்படைச் சம்பளம் தோராயமாக 28,500. அகவிலைப்படியோடு 42,750. அதில் 30 சதவிகிதம் 12,825. வீட்டு வாடகைப்படி இதில் சேரவில்லை.

அடுத்தது மே மாதம். பள்ளி விடுமுறை என்பதால் பகுதிநேர ஆசிரியர்களுக்கு அப்போது அந்த மாதச் சம்பளம் தரப்படவில்லை. 11 மாதத்துக்கு 1,37,500. அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் 11,458தான். இடைவெளி சுமார் 1,370 ரூபாய்!

(மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயருக்குக் குற்றாலக் குறவஞ்சிக்காக நாயக்க மன்னர் நிலமே கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். அந்தச் சன்மானத்தில் மே மாதப் பிடித்தம் இல்லை.)

வேலை ஒன்றரை நாள்தான் என்றாலும் அது மூன்று நாளாகப் பிரிந்து கிடக்கிறது. அந்த மூன்று நாளும் வேறு முழுநாள் வேலை பார்க்க வழியில்லை. அவர்கள் கேட்பதும் சதவிகிதத் திருத்தம் இல்லை, பணி நிரந்தரம். 2021 தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதி எண் 181 அதைத்தான் சொன்னது.

கடை வேலைக்கும் இதே கேள்விகள் உண்டு. வார விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? முழுநேர ஆளுக்குச் சம்பளம் ஏறும்போது அரை நாள் ஆளுக்கும் ஏறுமா? சீசன் முடிந்த பிறகும் வேலை இருக்குமா? 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் என்றால், பகுதிநேரம் என்பதைக் காரணம் காட்டி பி.எஃப். பிடிக்காமல் விட முடியாது. இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான்.

பஸ் செலவையும் மறக்க வேண்டாம். அரை நாள் வேலை என்பதற்காக அரை டிக்கெட் தர மாட்டார்கள். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மேலகரத்துப் பெண்ணுக்கு 6,500-ம் முழுதாக நிற்கும். அதே வேலைக்கு ஓர் ஆண் போனால், 26 நாள் போகவர டிக்கெட் காசை அதில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.