பொன்னாடை இல்லாத வெளியீட்டு விழா

"என் அறைத்தோழனின் இசைத்தொகுப்பு வெளியீட்டுக்குப் போகிறேன்" என்று வகுப்புத் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். "யார் தலைமை தாங்குகிறார்?" என்று கேட்டாள். அவளைக் குறைசொல்ல முடியாது. நம்மிடையே வெளியீடு என்றாலே தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, முதல் பிரதி பெற்றுக்கொள்ளும் பிரமுகர், குழுப்படம். இவ்வளவும் முடிந்து நேரம் மிஞ்சினால் இரண்டு பாடல்களை ஒலிக்கவிடுவார்கள். நான் போகவிருந்ததோ சைகடெலிக் டிரான்ஸ் எனப்படும் மின்னிசைத் தொகுப்பின் வெளியீடு. அங்கே தலைவரும் இல்லை, உரையும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு நடனக்கூடத்தில் தொடங்கும். தொகுப்பைக் கேட்டு ஆடுவதே விழா. ஏன் இப்படி?

முதலில் பெயரைப் பார்ப்போம். 'சைகடெலிக்' என்ற சொல்லை 1956இல் கிரேக்க வேர்களிலிருந்து உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். எல்எஸ்டி போன்ற போதைப்பொருள்களைப் பற்றிய பேச்சில் பிறந்த சொல் அது. அவற்றோடு சிங்கப்பூரில் விளையாட இடமே இல்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததுதான். இங்கு நான் பேசுவது ஒலியைப் பற்றி மட்டும்.

இந்த இசையின் எலும்புக்கூட்டை நம் தாளச்சொற்களில் சொல்லிவிடலாம்: தகதிமி. 'த' விழும் இடத்தில் 'கிக்' என்னும் முரசடி. 'க', 'தி', 'மி' மூன்றிலும் 'பேஸ்' என்னும் தாழ்ந்த ஒலி. வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 140 முதல் 150 முரசடிகள். 145 என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 580 எழுத்துகள் வருகின்றன. ஓர் எழுத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பத்தில் ஒரு விநாடி. 'த'வின் வால் சற்று நீண்டு 'க'வின்மேல் ஏறிவிட்டால் தாளம் சேறாகிவிடும். ஆகவே இவ்விசை செய்பவர்கள் மெட்டுக்குப் படும் பாட்டைவிட, கிக்கையும் பேஸையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிக்கப் படும் பாடே பெரிது. அதன்மேல்தான் முறுக்கும் ஒலிகளும் வழுக்கும் ஒலிகளும் ஏழு, எட்டு நிமிடங்களுக்கு மெல்ல மெல்ல அடுக்கப்படும்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சேறு வீட்டில் தெரியாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம். மடிக்கணினியின் குட்டி ஒலிபெருக்கியிலிருந்து அது காதுக்கு வந்துசேராது. நல்ல ஹெட்ஃபோனில் காது கேட்கும். ஆனால் நெஞ்சுக்கூடு அதிராது. நாங்கள் குடியிருப்பது கேலாங் லோரோங் ஒன்றில், கடைவீட்டு மாடியில், பலகை வைத்துப் பிரித்த அறையில். அடுத்த அறை அண்ணன் இரவு வேலை முடிந்து வந்து பகலில் உறங்குபவர். பெரிய ஒலிபெருக்கி வாங்கும் பேச்சுக்கே இடமில்லை! ஆகவே இரண்டு ஆண்டுகளாக ஹெட்ஃபோனில் அடுக்கிய தன் இசையை என் நண்பன் முழுமையாகக் கேட்கப்போவது வெளியீட்டு இரவில்தான். செய்தவனே முதன்முறையாகக் கேட்கும் வெளியீடு! நம் மேடைகளில் யாருக்கும் இந்தப் பயம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கூடத்தில் ஒலித்த பிறகுதான் பாட்டு முடிவாகும் என்ற வழக்கம் இவ்விசை உருவான கோவாவிலேயே தொடங்கிவிட்டது. 1970களில் அஞ்சுனா கடற்கரையில் கூடிய வெளிநாட்டுப் பயணிகள் 1980களின் தொடக்கத்தில் ராக் இசையை விட்டு மின்னிசைக்கு மாறினார்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்து அங்கேயே வேரூன்றி, 2023இல் மறைந்த கோவா கில் அவர்களில் பெயர்பெற்றவர். வெயிலும் தூசியும் வினைல் இசைத்தட்டுகளுக்கு ஆகாது. எனவே கேசட்டுகளைப் பயன்படுத்தினார்கள். ஒரு பாட்டின் பாடும் பகுதிகளை நீக்கி, தாளப் பகுதிகளை மட்டும் ஒட்டி நீட்டினார்கள். 1987இல் சோனி நிறுவனத்தின் 'டாட்' என்னும் இலக்கமுறை ஒலிநாடா வந்தது. லண்டனில் பாட்டு செய்தவர் அதை டாட் நாடாவில் பதிந்து கோவாவுக்குக் கொண்டுவருவார். அது கடற்கரையில் ஒலிக்கும், நண்பர்களிடையே கைமாறும். கடைக்குப் போகும் இசைத்தட்டெல்லாம் அதன் பிறகுதான். டாட் கருவியில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு பாட்டை மற்றொன்றின் தாளத்தோடு இணைப்பது எளிதன்று. அதனால் பாட்டுகளே தாளமில்லாத நீண்ட முன்னுரையோடும் முடிவுரையோடும் செய்யப்பட்டன. (முன்னுரை, முடிவுரை என்றதும் பள்ளிக் கட்டுரை நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வருகிறது.) ஹாலுசினோஜென் என்ற பெயரில் சைமன் பாஸ்ஃபர்ட் 1995இல் வெளியிட்ட 'டுவிஸ்டெட்' போன்ற தொகுப்புகள் இந்தச் சூழலில் உருவானவைதான்.

ஆடுகளம் இல்லாமல் வெளியாகும் இசை என்னவாகும்? அதற்கு ஓர் இந்திய உதாரணம் உண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய கருவிகளைக் கொண்டு பைரவ், லலித், யமன் முதலிய பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவுசெய்தார். எச்எம்வி அதை இசைத்தட்டாக வெளியிட்டது. கவனிப்பார் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே 303இன் வழுக்கும் ஒலியை வைத்து 'ஆசிட் டிராக்ஸ்' செய்தது. ஒலிநாடாவை மியூசிக் பாக்ஸ் என்ற கூடத்தில் டிஜேவாக இருந்த ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் ஒரே இரவில் அதை நான்கு முறை ஒலிக்கவிட்டாராம். முதல் முறை கூட்டம் களத்தை விட்டு விலகியது; நான்காம் முறை வெறிகொண்டு ஆடியது என்று குழுவினரே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1987இல் இசைத்தட்டு வந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு வகையே அதன் வழியாகப் பிறந்தது. சரண்ஜித் சிங்கின் தட்டு 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் அவரைத் தேடிவந்தது. அவர் 2015இல் காலமானார். இருவர் கையிலும் இருந்தது ஒரே கருவி. ஒருவருக்கு நான்கு முறை போட்டுக்காட்ட ஒரு ஹார்டி கிடைத்தார், மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

நம்மவர்களுக்கு இது முற்றிலும் அந்நியம் என்றும் சொல்ல மாட்டேன். நான் மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பத்துமலைத் தைப்பூசக் கடைவரிசையில் உறுமி மேளக் குழுக்களின் சிடிக்களைப் பார்த்திருக்கிறேன். சற்று முன்புதான் காவடியோடு அந்தத் தாளத்துக்கு ஆடி வந்தவர்கள் வாங்குவார்கள். உரையே தேவைப்படாத வெளியீடு அது! உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகலும் 303இன் வழுக்கலும் காதுக்கு உறவுக்காரர்கள் போலத்தான் படுகின்றன. ஆனால் "நம் உறுமிதான் முதல் டிரான்ஸ்" என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உறுமி அடிப்பவர், அருள் வந்தவரின் காலைப் பார்த்து வேகத்தை மாற்றுவார். கணினியில் செய்து முடித்த பாட்டுக்குக் கண் கிடையாது. அந்தக் கண்ணாக இருப்பது டிஜே மட்டுமே.

இனி வெளியீட்டு இரவின் ஒழுங்கு. முதலில் மற்ற டிஜேக்கள் சற்று வேகம் குறைந்த இசையோடு தொடங்குவார்கள். கூடம் சூடேறிய பிறகு, நள்ளிரவு தாண்டி, தொகுப்பின் சொந்தக்காரர் வருவார். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ தம் பாட்டுகளை மட்டும் தருவார். புறஊதா விளக்கில் ஒளிரும் நூல்கோலங்கள் சுற்றிலும் தொங்கும். அனுபவமுள்ளவர் முன்வரிசையைப் பார்ப்பதில்லை. அங்கே நிற்பது நண்பர்கள், எதற்கும் ஆடுவார்கள். கதவோரம் நிற்பவர் உள்ளே வருகிறாரா, வெளியே போகிறாரா என்பதுதான் தீர்ப்பு.

கேலாங்குக்கு நடனக்கூடம் புதிதன்று. 1937இல் திறந்து, பின்னர் 'கேய் வோர்ல்டு' என்று பெயர் மாறி, 2000இல் மூடப்பட்ட 'ஹேப்பி வோர்ல்டு' கேளிக்கைப் பூங்கா இங்கேதான் இருந்தது. அதன் நடனக்கூடத்தில் சீட்டு வாங்கி ஆடிய தலைமுறை ஒன்று உண்டு. இன்று கேலாங்கும் தேக்காவும் 2015ஆம் ஆண்டு மதுபானச் சட்டத்தின்கீழ் கூடுதல் கட்டுப்பாடுள்ள வட்டாரங்கள். நகரின் பேர்பெற்ற நடனக்கூடம் என்றால் ஆற்றங்கரைதான். 1991இல் ஜியாக் கிம் தெருவின் பழைய கிடங்குகளில் தொடங்கிய ஸூக் 2016இல் கிளார்க் கீக்கு இடம் மாறியது.

கூடத்துக்குள் வந்ததில் இவ்விசை இழந்தது ஒன்று உண்டு: விடியல். கடற்கரையில் இரவு முழுக்க இருண்டு முறுகிய இசை, சூரியன் எழும்போது மெட்டுள்ளதாக இளகும். அதற்கென்றே செய்யப்படும் பாட்டுகளுக்குக் 'காலைப் பாட்டு' என்று பெயர். ஒலிபெருக்கிகளை இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் தடைசெய்யும் இந்தியாவின் 2000ஆம் ஆண்டு விதிகளும், அவற்றை வலியுறுத்திய உச்ச நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கோவாவிலேயே அந்த விடியலைக் கடினமாக்கிவிட்டன. சிங்கப்பூரிலோ சூரியன் எழ ஏழு மணியாகும். கூடம் அதற்கு வெகுமுன்பே விளக்கைப் போட்டுவிடும். இருந்தும் தொகுப்பின் கடைசிப் பாட்டைக் காலைப் பாட்டாகச் செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதைக் கூடத்தில் யாரும் கேட்பதில்லை. முதல் ரயிலுக்காக நடைமேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஹெட்ஃபோனில் கேட்கிறார்கள்.