பறைக்கு ஓர் அறை: கார் கொட்டகையில் ஒலிப்பதிவுக் கூடம்

"அண்ணே, ஒரு கார் ஷெட் கட்டணும். ஆனா எங்ககிட்ட கார் இல்ல."

நாச்சியாபுரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி பறையிசைக் குழுத் தம்பிகள் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார்கள். நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. அவர்களிடம் இருப்பது பழைய லோடு ஆட்டோ ஒன்று. பறைகளையும் தவிலையும் ஏற்றிக்கொண்டு நிகழ்ச்சிக்குப் போவது அதில்தான். அந்த வண்டியை நிறுத்துகிறோம் என்ற பெயரில், வீட்டை ஒட்டாமல் கொல்லையில் தனியாக ஓர் அறை எழுப்பி, அதற்குள் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

நகரத்தில் காசு கொடுத்தால் பதிவு செய்து தருகிற கூடங்கள் இருக்கின்றனவே என்று கேட்டேன். ஒரு கூடத்துக்குப் போன கதையைச் சொன்னார்கள். போனில் பேசி, முன்பணம் கட்டி, பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். பையிலிருந்து பறையை எடுத்ததும் "சத்தம் தாங்காது, மைக் போயிரும்" என்றாராம் உரிமையாளர். சரி, தள்ளி நின்று அடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, தோலைச் சூடேற்றத் தெரு ஓரத்தில் காகிதத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள். உள்ளிருந்து ஓடிவந்தவர் "இதெல்லாம் இங்க ஆகாது" என்று முன்பணத்தைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டார். 'இதெல்லாம்' என்றால் எதெல்லாம் என்று தம்பிகள் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை.

தீ விஷயம் வாசிக்காதவர்களுக்குப் புரியாது. பறையின் முகம் கன்றுத்தோல். ஈரக்காற்று பட்டால் தொய்ந்துவிடும், அடித்தால் 'டொப்' என்று கேட்கும். தீயில் காட்டினால் தோல் இறுகி, சிம்புக்குச்சி படும்போது விண்ணென்று பேசும். ஏ.சி. அறைக்குள் அரை மணி நேரம் வைத்தால் மறுபடி சுருதி மாறும். அதனால் பறைக்கான ஒலிப்பதிவுக் கூடத்துக்கு முதல் தேவை மைக் அல்ல, வாசலில் தீ மூட்ட ஒரு பாகம் முற்றம். நகரத்து மாடி அறையில் அது கிடைக்காது. தனிக் கொட்டகையில் கிடைக்கும்.

கொட்டகையில் ஒலிப்பதிவா என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம் தொடங்கியது 1932-ல். இரண்டாம் உலகப் போரின் முடிவில், சென்னையில் புது ஸ்டூடியோவுக்கு மின்சாரம் கிடைக்காத நேரத்தில், அவர் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். சுற்றிலும் ஓலைக் கொட்டகைகள் போட்டார். ஏவி.எம். ஸ்டூடியோ தொடங்கிய இடம் அதுதான். 1947 பொங்கலுக்கு வெளியான 'நாம் இருவர்' அங்கே உருவானது. பிறகுதான் வடபழனி. ஓலைக்குக் கீழே எடுத்த படத்தை நாடு பார்த்தது.

ஆனால் மெய்யப்பனுக்கு முதல் இருந்தது, கடை இருந்தது, கடன் கொடுக்க ஆள் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இருப்பது குரலும் குச்சியும். இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு 'முயன்றால் முடியும்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இதே சிவகங்கைச் சீமையில் இளையான்குடிப் பக்கம் மாறந்தையில் 1955-ல் பிறந்தவர் முனைவர் கே.ஏ. குணசேகரன். 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர். 'பலி ஆடுகள்' நாடகத்தையும் 'வடு' தன்வரலாற்றையும் தந்தவர். 2016 ஜனவரியில் மறைந்தார். அவர் பாட்டை நான் முதலில் கேட்டது மேடையில் அல்ல, ஒலிநாடாவில்தான். விடுதியில் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுத் தேய்ந்துபோன நாடா. குரல் பதிவாகியிருந்ததால் அவர் வராத ஊருக்கும் அது வந்தது. கொல்லங்குடி கருப்பாயி அம்மாளின் குரலும் அப்படித்தான். வானொலி பதிவு செய்தது, 'ஆண் பாவம்' படம் பதிவு செய்தது. 2025 ஜூனில் அவர் காலமான பிறகும் அது கேட்கிறது. பதிவாகாமல் போன அப்பத்தாக்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

சரி, கட்டுவது எப்படி? தம்பிகளோடும் ஒரு கொத்தனாரோடும் இரண்டு மாலை உட்கார்ந்து பேசியதை வைத்து எழுதுகிறேன். நான் தமிழ் படித்தவன், பொறியாளன் அல்லன். ஆனால் ஒலியின் கணக்கு ஒன்றும் மறைபொருள் இல்லை.

சத்தத்தைத் தடுப்பது வேறு, அறைக்குள் எதிரொலியை அடக்குவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் காசை இழக்கிறார்கள். முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. போகும், நன்றாகவே போகும். அட்டை உள்ளே எழும் கீச்சொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். தெர்மோகோலும் அதே லட்சணம்தான்.

சத்தத்தைத் தடுப்பது எடை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை இரண்டு பக்கமும் பூசினால் சுமார் 50 டெசிபல் வரை தடுக்கும். ஹாலோ பிளாக் கல் வைத்தால் பூசாமல் விடவே கூடாது, கல்லில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே ஒலி கசியும். அறை உள்ளளவு 15 அடிக்கு 11 அடி, உயரம் 9 அடி என்று வைத்தோம். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் சில தாழ்ந்த சுருதிகள் மட்டும் அறைக்குள் வீங்கிக் கேட்கும். இந்த அளவுக்கு, அஸ்திவாரம் நீங்கலாக, 4,500 முதல் 5,000 செங்கல் பிடிக்கும் என்றார் கொத்தனார். கல் ஒன்று 9 ரூபாய் என்றாலே 40 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

தம்பிகள் முன்பக்கம் ஷட்டர் கேட்டார்கள், கார் ஷெட் அல்லவா! வேண்டாம் என்றேன். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மிச்சச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் தடுப்பு 20 டெசிபலுக்கு இறங்கிவிடும். ஷட்டர் என்பது முழுக்க இடுக்கு. அதனால் நான்கு பக்கமும் சுவர், ஒரே ஒரு கதவு, முன்னால் தகரச் சாய்ப்பு என்று முடிவானது. லோடு ஆட்டோ சாய்ப்பில் நிற்கட்டும். மழை நாளில் அதே சாய்ப்புக்குக் கீழே பறையைக் காய்ச்சலாம், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு.

செலவை எங்கே குறைக்கக் கூடாது என்று கேட்டால் மேல்கூரையில் என்பேன். தகரம் மலிவு. ஆனால் ஐப்பசி அடைமழையில் அதற்குக் கீழே பேச்சே கேட்காது, பாட்டு எங்கே கேட்கும்? ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்குக் கேடு. ஓட்டில் இடுக்கு. கான்கிரீட் தளம்தான் சரி. மேலே தட்டோடு பதித்து வெள்ளையடித்தால் சித்திரை வெயில் ஓரளவு அடங்கும். ஜன்னல் வேண்டாம். ஆனால் மூடிய அறைக்குள் நாலு பேர் மூச்சுவிட வேண்டுமே! காற்று வர ஒன்று, போக ஒன்று என இரண்டு மரக்குழாய்களை வளைத்து வளைத்து வைத்து, உள்ளே பஞ்சு ஒட்ட வேண்டும். காற்று வளைந்து வந்துவிடும், ஒலி வளைவுக்கு வளைவு செத்துப்போகும்.

கதவுக்கு என்ன செய்வது? இங்கேதான் செட்டிநாடு கைகொடுக்கிறது. இடிந்த செட்டிநாட்டு வீடுகளின் பழைய மரச்சாமான் காரைக்குடியில் விலைக்கு வருகிறது. வேலைப்பாடுள்ள நிலைக்கதவுக்கு யானை விலை. ஆனால் பின்கட்டின் சாதாரணக் கதவு, கொத்துவேலை இல்லாத கனத்த பலகை, பேரம் பேசினால் கிடைக்கும். சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, கீழ் இடுக்கையும் அடைத்துவிட்டால் அதைவிட நல்ல கதவு இல்லை. இப்படியொரு கதவைத் தாண்டி உள்ளே போக எங்கள் தாத்தாவுக்கு அனுமதி இருந்ததில்லை. அதைச் சொன்னபோது ஒரு தம்பி, "அப்ப அதையே வாங்குவம்ணே" என்றான்.

உள்ளே எதிரொலியை அடக்க மரச்சட்டத்தில் நாலு அங்குலக் கனத்துக்குப் பஞ்சு அடைத்து, பழைய பருத்திச் சேலையைப் போர்த்தி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டினால் போதும். கிழிந்த மெத்தைப் பஞ்சு வீட்டுக்கு வீடு கிடக்கிறது. மூலைகளில் மட்டும் இன்னும் கனமாக வைக்க வேண்டும், தாழ்ந்த ஒலி அங்கேதான் தேங்கும். எல்லாச் சுவரையும் மூடிவிடக் கூடாது. பறைக்குக் கொஞ்சம் அதிர்வு வேண்டும், இல்லையென்றால் தலையணையை அடித்தது போலிருக்கும். ஒப்பாரிக்கு அதிர்வு குறைய வேண்டும். ஆகவே சட்டங்களை ஆணியில் மாட்டிக் கழற்றும்படி வைப்பது நல்லது.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மடிக்கணினி, இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், பறைக்கு டைனமிக் மைக், குரலுக்குக் கண்டென்சர் மைக், ஒரு ஹெட்போன். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு ஒழுங்காக எர்த் எடுக்காவிட்டால் எல்லாப் பாட்டிலும் 'ஊம்ம்' என்று ஓர் இரைச்சல் பின்பாட்டுப் பாடும். வாடகைக்கு விட்டால் மின்சாரத்துக்கு வணிகக் கட்டணம் வரும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் தம்பிகளோடு எனக்கு வாக்குவாதம். "ஊராட்சியில கார் ஷெட்டுன்னே சொல்லிருவோம்ணே, வம்பில்ல" என்றார்கள். கூடாது என்றேன். நம் பட்டா நிலத்தில் நம் கூடத்தைக் கட்ட நாம் ஏன் பொய்ப் பெயர் வைக்க வேண்டும்? அனுமதி கேட்டு எழுதும் தாளில் 'ஒலிப்பதிவுக் கூடம்' என்றே எழுதச் சொன்னேன். இதில் வீம்பு மட்டுமில்லை, காசும் இருக்கிறது. தாட்கோ வழியாக நடக்கும் முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் தொழில் தொடங்க 35 சதவீதம் மானியம் உண்டு, உச்சவரம்பு மூன்றரை லட்சம். மிச்சம் வங்கிக் கடன். கார் இல்லாதவனின் கார் ஷெட்டுக்கு எந்த வங்கி கடன் தரும்? திட்ட அறிக்கையில் ஒலிப்பதிவுத் தொழில் என்று இருந்தால்தான் பேச்சே தொடங்கும். குழுவில் இன்னும் பதியாதவர்கள் 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பெயரைப் பதிந்துகொள்வது தனி வேலை. அதைக் கிடப்பில் போடாதீர்கள்.

கட்டடத்தைவிடப் பெரிய விஷயம் பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது. 'நாம் இருவர்' காலத்தில் பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு நகை வியாபாரியிடம் இருந்தது. மெய்யப்பன் அதை விலை கொடுத்து வாங்கினார். பின்னர் அது அரசின் கைக்குப் போய் நாட்டுடைமையானது. பாரதிக்கே அந்தக் கதி. 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை உலகமே கேட்டது. அதிலிருந்து தனக்கு வருமானம் வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கே அப்படியென்றால் நாச்சியாபுரத்து ஒப்பாரிக்காரிக்கு?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில், ஒலிப்பதிவின் உரிமை 'தயாரிப்பாளருக்கு', அதாவது முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்கிறவருக்கு. வெளியான பின் 60 ஆண்டு அது அவரிடம் இருக்கும். பாடியவருக்குத் தனியே நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று 1994 திருத்தத்தில் வந்தது. இப்போது அதன் ஆயுள் 50 ஆண்டு. வெளியார் ஒருவர் காரில் வந்து, நூறு ரூபாய் கொடுத்து, பதிவு செய்து போனால் தயாரிப்பாளர் அவர். நம் கொட்டகையில் நாம் பதிவு செய்தால் நாம். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, பாடியவர் பெயர், ஊர், வருமானத்தில் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, பாடியவரிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைக்க வேண்டும். சொந்த அப்பத்தாவாக இருந்தாலும் சரி.

அப்பத்தா என்றதும்தான் நினைவு வருகிறது. பேசிக்கொண்டிருந்த இரண்டாம் நாள் மாலை, ஒரு தம்பியின் அப்பத்தா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்று நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அவரிடம் நிறைய இருக்கிறது என்றார்கள். "கட்டடம் முடிய எத்தன நாளு ஆகும்?" என்று கேட்டார். மானியம், வங்கி, தளம் போட்டுக் காய விடுவது எல்லாம் சேர்த்து அடுத்த ஆவணி ஆகலாம் என்றேன்.

"அதுவரைக்கும் நான் இருப்பனாய்யா?"

யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருவன் எழுந்து காற்றாடியை நிறுத்தினான். கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி வீட்டிலிருந்த கனத்த போர்வைகளையெல்லாம் தொங்கவிட்டார்கள். செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அப்பத்தாவின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், மடித்த துண்டின் மேல் வைத்தோம். கோழியைத் துரத்த வாசலில் ஒரு சின்னப் பையன் நின்றான். நோட்டில் தேதி எழுதி, அப்பத்தா பெயர் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டோம். அன்று ஏழு பாட்டு ஆனது. எட்டாவதற்குக் கரண்டு போய்விட்டது. போனில் சார்ஜ் இருந்ததால் இருட்டிலேயே பாடினார்.