கூரைக்கு ஏறும் மின்சாரம்

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் ஊர் ஊராகச் செல்வோருக்கு உள்ளூர்த் தொலைக்காட்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. டொர்னேடோ எச்சரிக்கையும் அதில் வருகிறது. படம் மறைந்தால் பலர் கூரை ஆன்டெனாவைக் குறைகூறுகின்றனர். நான் முதலில் சந்தேகிப்பது மின்சாரத்தைத்தான்.

வலுவற்ற அலைகளுக்கு வலுவூட்டும் முன்பெருக்கி, ஆன்டெனாவை ஒட்டியே இருக்க வேண்டும். கேபிளில் தேய்ந்த சமிக்ஞையைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கூரையிலுள்ள அந்தக் கருவிக்குத் தனி மின்கம்பி கிடையாது. சமிக்ஞை இறங்கிவரும் அதே கேபிளில் வண்டி பேட்டரியின் 12 வோல்ட் நேர்திசை மின்சாரம் மேலேறுகிறது. அதை ஏற்றிவிடுவது, பொத்தானும் சிறு விளக்கும் கொண்ட சுவர்த் தகடு.

விளக்கு எரிவதை மட்டும் நம்பலாகாது. தகட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே யாரேனும் சாதாரண ஸ்பிளிட்டரைச் செருகியிருந்தால், மின்சாரம் அங்கேயே தடைபடலாம். ஆன்டெனா முனையில் கேபிளைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளியுறைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். அளக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் ஃபியூஸ் போய்விடும், கவனம் தேவை.

வீட்டுக்கான முன்பெருக்கியை வாங்கி, இன்வெர்ட்டர் வழியே இயக்குவோரும் உண்டு. பேட்டரி கையிலிருக்க, இது வீண் சுற்றுவழி என்பேன். முகாமிடத்தின் கேபிளை இணைக்கும்போது மட்டும் தகட்டின் பொத்தானை அணைக்க வேண்டும். பல தகடுகளில் அப்போதுதான் அந்த இணைப்புக்கு வழி திறக்கும்.