கை ஒரு தகடாக இருந்தபோது

1746 தொடக்கம். ஹாலந்தின் லைடன் நகரில் பேராசிரியர் முஸ்ஸன்புரூக்கின் ஆய்வுக்கூடம். தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஓர் உலோகக் கம்பி. அதற்கு மின்னேற்ற ஒரு உராய்வு எந்திரம். அங்கே வந்துபோகும் குனேயஸ் என்ற வழக்கறிஞர் பாத்திரத்தை ஒரு கையில் ஏந்தியபடி மறு கையால் கம்பியைத் தொட்டார். தூக்கிவாரிப் போட்டது. பேராசிரியரும் தொட்டுப் பார்த்தார். பிரான்ஸ் நாட்டையே கொடுத்தாலும் இன்னொருமுறை அந்த அடியை வாங்க மாட்டேன் என்று பாரிஸுக்குக் கடிதம் எழுதினார். 1745 அக்டோபரிலேயே பொமரேனியாவில் ஃபான் கிளைஸ்ட் என்ற தேவாலயப் பொறுப்பாளர், மருந்துப் புட்டியும் ஆணியும் வைத்து இதே அதிர்ச்சியை அனுபவித்திருந்தார்.

பாத்திரத்தைப் பிடித்த கைதான் வெளித்தகடு. உள்ளே தண்ணீர், வெளியே உள்ளங்கை, நடுவே மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடி. கெப்பாசிட்டர் என்பது அவ்வளவுதான். கையின் இடத்துக்கு விரைவில் உலோகத்தாள் வந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஜன்னல் கண்ணாடிகளில் ஈயத்தகடு பொருத்தி வரிசையாக இணைத்தார். மருந்துப் புட்டியும் ஜன்னல் கண்ணாடியுமே அன்றைய உயர் ஆராய்ச்சிக் கருவிகள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது.

இன்று வீட்டில் ஒரு கெப்பாசிட்டர் செய்ய, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் போதும். இரண்டு துண்டுகள், நடுவே அவற்றைவிடச் சற்றுப் பெரிய ஏ4 காகிதம், மேலே கனமான புத்தகம். இரண்டு தாள்களும் எங்கும் தொட்டுக்கொள்ளக் கூடாது. கொள்ளளவை (கெப்பாசிட்டன்ஸ்) அளக்கும் மல்டிமீட்டரை இணைத்தால் சில நானோஃபாரட் காட்டும். புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், எண் ஏறும். கையை எடுங்கள், இறங்கும். இடைவெளி குறைந்தால் கொள்ளளவு கூடும் என்று பிளஸ் டூ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதி இங்கே கைக்குத் தெரிகிறது. காகிதத்தை எடுத்துவிட்டு, உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்தால் எண் பல மடங்காகும். மின்னேற்றிப் பார்ப்பதானால் 9 வோல்ட் பேட்டரி போதும். வீட்டு மின்சாரத்தின் பக்கமே போகக் கூடாது.

தொழிற்சாலைகளும் இந்த இடைவெளியைத்தான் விடாமல் குறைத்துவந்தன. கைபேசிக்குள் 1 மி.மீ. நீளமும் அரை மி.மீ. அகலமும் கொண்ட செராமிக் துணுக்கு 10 மைக்ரோஃபாரட் வரை தாங்குகிறது. ஒரு மைக்ரானைவிட மெல்லிய பேரியம் டைட்டனேட் அடுக்குகள் அதில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. காகிதமும் அலுமினியத் தாளும் வைத்து அந்த அளவை எட்ட நமக்கு மிகப் பெரிய பரப்பு வேண்டும்.

சீலிங் ஃபேனில் இருக்கும், கண்டென்சர் என்று நாம் அழைக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோ பிளாஸ்டிக் படலத்தின்மேல் உலோகத்தை ஆவியாகப் படியவைத்துச் சுருட்டியது. படலம் எங்காவது பொத்துக்கொண்டால், ஓட்டையைச் சுற்றியுள்ள பூச்சு எரிந்து விலகிவிடும். கண்டென்சர் தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் தகட்டின் பரப்பு கொஞ்சம் போய்விடுகிறது. சில ஆண்டுகளில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கு அடிக்கடி இதுவே காரணம். எலக்ட்ரீஷியன் கழற்றிப் போட்டதை அதே மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 2.5 இருக்காது.