இரண்டும் பெண் முயல்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

எங்கள் வீட்டில் பஞ்சு, பட்டு என்று இரண்டு பெண் முயல்கள். குட்டியாக இருந்தவரை ஒரே தட்டில் தின்று, ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கும். 5 மாதம் ஆனதும் ஆரம்பித்தது சண்டை. ஒரு நாள் பட்டுவின் காது கிழிந்து ரத்தம் கொட்ட, தனித்தனிக் கூண்டில் விட்டோம். அப்போதும் பஞ்சு, தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். ஆண் முயல் சேராமலே வரும் பொய்ச் சினை அது என்றார் கால்நடை டாக்டர்.

கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது நல்லது என்று அவர் சொன்னதும், 'ரெண்டும் பொட்டதானே கண்ணு... குட்டி போடப் போறதில்ல. வாயில்லா ஜீவனை எதுக்கு அறுக்கணும்?' என்று மாமியார் தடுத்தார். என் கணவருக்கோ, மயக்க மருந்தில் உயிர் போய்விடுமோ என்ற பயம், எனக்கும்தான். ஆனால், ஆபரேஷன் செய்யாத பெண் முயல்களுக்கு வயது 3, 4 தாண்டினால் கருப்பைப் புற்றுநோய் வருவது மிக அதிகம் என்று டாக்டர் விளக்கியதும், 'அப்ப பண்ணிரு கண்ணு' என்றார் மாமியாரே!

'எனக்கு நாய், பூனைக்குத்தான் செய்து பழக்கம்' என்று நேர்மையாகச் சொல்லி, முயல் வைத்தியத்தில் அனுபவம் உள்ளவரிடம் அனுப்பினார் அந்த டாக்டர். புதியவர் சொன்னவை இவை: முயலை வெறும் வயிற்றோடு கொண்டு வரக் கூடாது. அதற்கு வாந்தி எடுக்க வராது. குடல் ஓய்வில்லாமல் இயங்க வேண்டும். ஆகவே, புறப்படும் வரை புல் கொடுக்க வேண்டும். வீடு திரும்பியதும் தையலை மட்டும் பார்த்தால் போதாது. தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அரை நாள் இரண்டும் இல்லை என்றால், உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். நம் வீட்டு மாத்திரைகள் கூடவே கூடாது. அமாக்ஸிசிலின் போன்றவற்றை வாய் வழியே கொடுத்தால், முயலின் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் முடிந்த கையோடு இரண்டையும் சேர்த்து விடவில்லை. ஹார்மோன் அடங்க 4 முதல் 6 வாரம் ஆகுமாம். அதுவரை, கடிக்க எட்டாத இடைவெளியில் கூண்டுகளை அருகருகே வைத்து, படுக்கைத் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டேன். பிறகு, இரண்டுமே கால் வைத்திராத மாடி அறையில், தினமும் 10 நிமிடம் விட்டேன். தனித்தனித் தட்டில் கொத்தமல்லித் தழை. என் கையில் தடித்த துண்டு. லேசாகத் துரத்தினால் விட்டுவிடுவேன். கட்டிப் புரண்டு கடித்தால், துண்டை நடுவில் போட்டுப் பிரிப்பேன். வெறுங்கையை நீட்டினால் நமக்குத்தான் கடி! நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதில், 7வது வாரம் பட்டு தலையைத் தாழ்த்த, பஞ்சு அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது. இப்போது இரண்டும் ஒரே கூண்டில்.

சில ஜோடிகள் என்ன செய்தாலும் சேராது. அவற்றுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கூண்டே போதும். ஆனால், ஆபரேஷன் சண்டைக்காக மட்டுமல்ல, முயலின் ஆயுளுக்காகவும்தான்.

குழந்தைகள் கேட்கிறார்கள் என்று முயல் வாங்கப் போகும் சகோதரிகளே... முதலில், முயல் வைத்தியம் தெரிந்த டாக்டர் அருகில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் கேட்டுப் பார்க்கலாம். கூண்டு வாங்குவது அப்புறம் இருக்கட்டும்!

— ஒரு வாசகி, கோவை.