மலை ஏற ஏற மரம் மாறுவது ஏன்? நெரவி வயலுக்கும் நீலகிரி சோலைக்கும் என்ன சம்பந்தம்?

நெரவியில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு குன்றுகூட கிடையாது. வயல், வாய்க்கால், தென்னை, பூவரசு, அதைத் தாண்டினால் கடல். ஆனால் இங்கே வாய்க்காலில் வரும் காவிரித் தண்ணீர் புறப்படுவது மலையில் இருந்து. குடகில் உள்ள தலைக்காவிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,276 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரியில் கலக்கும் கபினி, பவானி, அமராவதி ஆறுகளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறப்பவைதான்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. தண்ணீர் உறுதி செய்யப்பட்டது. அது வருவது காரைக்கால் பாசனத்துக்கு. இந்த 7 டி.எம்.சி. பற்றி நாம் நிறைய பேசுகிறோம். மழையைப் பிடித்து வைக்கும் மலைக்காட்டில் என்ன மரங்கள் இருக்கின்றன, அவை ஏன் அங்கே மட்டும் வளர்கின்றன? அதை இங்கே பார்க்கலாம்.

உயரம் கூடினால் என்ன ஆகும்?

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கூடவே மூடுபனி, காற்று, மண்ணின் ஆழம் என எல்லாமே மாறும். ஒவ்வொரு மரத்துக்கும் தாங்கும் குளிர் இவ்வளவு, தேவைப்படும் ஈரம் இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. அதனால் மலைச்சரிவில் மரங்கள் மாடி மாடியாகப் பிரிந்து நிற்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை அதிகம் பெறும் அடிவாரத்தில் குங்கிலிய மரம் போன்ற 30, 40 மீட்டர் உயர மரங்கள் உண்டு. நடு உயரத்தில் வெடிப்பலாவும் நாங்கு மரமும் வருகின்றன. சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலா முக்கியமான உணவு. சுமார் 1,800 மீட்டருக்கு மேலே போனால் சோலைக்காடு. மரங்கள் குட்டையாகி, கிளையெல்லாம் பாசி படர்ந்திருக்கும்.

நம்ம ஊர் நாவல் மரத்தின் பல உறவினர்கள் இந்த மலைகளில் தனித்தனி இனங்களாக வாழ்கின்றன. சோலை ஓரத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசுக்கு மட்டும் பெயர்தான் பூவரசு. நெரவி வாய்க்கால் கரையில் நிற்கும் பூவரசுக்கு அது சொந்தம் இல்லை. அதன் சொந்தங்கள் இருப்பது இமயமலையில்!

உயரம் மட்டும்தான் காரணமா?

இல்லை. மழை இல்லாத மாதங்கள் எத்தனை என்பதும் முக்கியம். தெற்கே அகத்தியமலைப் பக்கம் வறட்சி 2, 3 மாதம்தான். வடக்கே மும்பை பக்கம் போகும்போது அது அரை ஆண்டைத் தாண்டும். அதனால் தெற்கில் மர இனங்கள் அதிகம், வடக்கே போகப் போகக் குறையும். மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே இலையுதிர் காடும் முள்காடும்தான் பெரும்பாலும் இருக்கும்.

இந்த மலையின் பசுமைமாறாக் காடுகளில் சுமார் 650 மர இனங்கள் இருப்பதாகவும், அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை உலகில் வேறு எங்கும் இல்லாதவை என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

இதில் நமக்குப் பக்கத்துச் சொந்தம் ஒன்று உண்டு. 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்தான் தென்னிந்தியக் காடுகளின் வரைபடங்களைத் தயாரித்த முக்கிய அமைப்பு. குடகு மாவட்டம் உப்பங்களாவில், 30 செ.மீ.க்கு மேல் சுற்றளவு உள்ள மரங்களுக்கு எண் கொடுத்து, அவை வளர்வதையும் சாவதையும் 30 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நிறுவனம் அளந்து வருகிறது.

சோலைக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு?

சோலை தனியாக இருக்காது. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை என்றுதான் இருக்கும். திறந்த மேட்டில் உறைபனி விழுவதால் சோலை மரக் கன்றுகள் அங்கே பிழைப்பது கடினம். புல்வெளியும் சோலை மண்ணும் மழைநீரை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகின்றன. மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் வர இதுவும் ஒரு காரணம்.

அப்போ மரம் நட்டால் போதாதா?

எந்த மரம், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் நீலகிரியில் ஆஸ்திரேலியாவின் சீகை, கற்பூர மரங்களைக் கொண்டுவந்தனர். பிறகு புல்வெளிகளில் இவை பெருமளவில் நடப்பட்டன. பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் புல்வெளி போய்விட்டது. சீகை தானாகவே பரவவும் செய்கிறது. இதுபோன்ற அயல் தாவரங்களை அகற்றி, இயற்கைச் சூழலை மீட்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கை வெளியிட்டது.

அடுத்த ஆபத்து என்ன?

வெப்பம். 1,000 மீட்டருக்கு 6 டிகிரி என்றால், பூமி 1.5 டிகிரி சூடானால் ஒரு மர இனம் பழைய குளிரைத் தேடி சுமார் 250 மீட்டர் மேலே போக வேண்டும். மரம் நடக்காது. பறவையோ விலங்கோ விதையைக் கொண்டுபோய், அது முளைத்து, தலைமுறை தலைமுறையாகத்தான் ஏற முடியும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தாழ்வான இடத்து மர இனங்கள் மேலே பெருகுவது ஏற்கெனவே பதிவாகியுள்ளது.

நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். 2,400 மீட்டரில் வாழும் சோலை மரம் 250 மீட்டர் ஏற வேண்டும் என்றால், அதற்கு மேலே மலையே இல்லை. அடிவாரத்து மரத்துக்கு மேலே போக இடம் உண்டு. உச்சியில் இருப்பவைக்கு அது கிடையாது. அதனால்தான் மிச்சம் இருக்கும் சோலையையும் புல்வெளியையும் காப்பாற்றுவது, புதிதாக மரம் நடுவதைவிட அவசரமான வேலை என்கிறார்கள் சூழலியலாளர்கள்.